மடியில ஆறு பல்பு

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்கம்மா. மடியில பல்பு இருக்கு. குண்டு பல்பு. லேசா இடிச்சாலும் உள்ள இருக்கிற கம்பி அத்துப் போயிரும். காலையில எட்டு மணிக்கு மதுரையில வந்து இறங்குனவ, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சந்து சந்தா அலைஞ்சு, பதினோரு கடை ஏறி இறங்கி வாங்கிட்டுப் போறேன். ஒருத்தன்கூட வச்சிருக்கலம்மா. "பாட்டி, அதெல்லாம் இப்ப யாரு விக்கிறா"ங்கிறான். பாட்டியாம். எனக்கு அம்பத்தேழு வயசு. இவனுக்கு நான் எந்த வழியில பாட்டி?

கடைசியா ஒரு பாய் கடையில, பரண் மேல தூசியோட கெடந்துச்சு. நூறு வாட்ஸ், ஆறு பல்பு. நல்ல மனுசன், ஒவ்வொண்ணா மாட்டி எரியவிட்டுக் காட்டுனாரு. ஆறும் எரிஞ்சுச்சு. எவ்வளவு குளுமையான வெளிச்சம் தெரியுமா? சூடு அடிக்கும், ஆனா கண்ணுக்குக் குளுமை. அதைச் சொன்னா இப்ப இருக்கிற பயலுகளுக்குப் புரியாது.

நீங்க அருப்புக்கோட்டையா? காரியாபட்டியில இறங்கணுமா. சரி, சரி. அங்க சொந்தமா? விசேசத்துக்குப் போறவங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்புச் சேலையைக் கட்டிக்கிட்டுப் போறீங்களே, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?

என்னது? கறுப்பு இல்லையா?

சரிம்மா, சரி. கோவிச்சுக்காதீங்க. கடைக்காரன் என்ன கலருன்னு சொல்லிக் குடுத்தானோ அந்தக் கலரு. நீங்க வாங்குன கடையிலயும் இந்த எல்.இ.டி. எழவைத்தான் மாட்டியிருப்பான். அதுக்குக் கீழ நின்னா எந்தக் கலரும் தெரியாது. நான் சும்மா சொல்லல, இருபத்தெட்டு வருசமா துணிக்கடையில நிக்கிறவ. அருப்புக்கோட்டையில பெரிய கடை. பேரு வேண்டாம், பஸ் ஸ்டாண்டுல இறங்குனா மொத போர்டே அதுதான். அதுல மேட்சிங் பிரிவு நானு. குருவம்மான்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க.

மேட்சிங்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல. சேலையைக் கொண்டாந்து கவுண்டர்ல போடுவாங்க, அதுக்கு ஜாக்கெட் பிட்டு எடுத்துக் குடுக்கணும். என் முதுகுக்குப் பின்னால முந்நூத்தி இருபது கலரு அடுக்கியிருக்கும். அரக்குல மட்டும் பதினாலு அரக்கு. பச்சையில எத்தனை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை. நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன். சேலையைப் பாப்பேன், கையைப் பின்னால நீட்டுவேன், எடுத்துப் போடுவேன். அவ்வளவுதான். ஒட்டிக்கிட்டுப் போயிரும்.

நம்ம சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கே. நீங்களும் செஞ்சிருப்பீங்க. கடைக்குள்ள எவ்வளவு வெளிச்சம் போட்டிருந்தாலும் நம்பமாட்டாங்க. சேலையையும் பிட்டையும் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயி, வெயில்ல பிடிச்சு, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துட்டுத்தான் பில் போடச் சொல்லுவாங்க. எங்க கடையில என் கவுண்டர்ல மட்டும் அந்தப் பழக்கம் கிடையாது. "குருவம்மா எடுத்துக் குடுத்துட்டாங்கல்ல, வாங்க போவோம்"னு போயிருவாங்க. என் தலைக்கு மேல ரெண்டு குண்டு பல்பு தொங்கும். அந்த வெளிச்சத்துல நீலம் எப்படி மங்கும், மஞ்சள் எப்படித் தூக்கும், அதே துணி வெயிலுக்குப் போனா எப்படி மாறும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வாசலுக்குப் போறவங்களைப் பாத்து அண்ணாச்சியே சொல்லுவாரு, "வெயிலு பொய் சொன்னாலும் சொல்லும், குருவம்மா சொல்லாது"ன்னு.

அண்ணாச்சின்னா எங்க முதலாளி. தங்கமான மனுசன். அவரு பெத்த மகன்தான் சரியில்ல. கோயம்புத்தூர்ல படிச்சுட்டு வந்து போன வருசம் கடையில உக்காந்தாரு. உக்காந்ததும் துணியைப் பாக்கல, ஆளைப் பாக்கல, அண்ணாந்து பல்பைப் பாத்தாரு. "எவ்வளவு கரண்டு வீணாகுது! எல்லாத்தையும் கழட்டு"ன்னாரு. போன ஆடிக்கு முந்தின வாரம், ஒரே நாள்ல, மூணு மாடியிலயும் மாத்திட்டாங்க. சதுரம் சதுரமா கூரையில பதிச்சு வச்சாங்க. என் ரெண்டு பல்பையும் கழட்டி, என் கண்ணு முன்னாலேயே குப்பை டப்பாவுல போட்டான் அந்த லைட்டுக்காரன். 'டப்'புன்னு ஒரு சத்தம் வந்துச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அவன் கையை முறிச்சுப் போடலாம்னு இருந்துச்சு.

"இதைத் தொட்டுப் பாருங்கக்கா, சூடே இருக்காது"ன்னு பல்லைக் காட்டுறான். தொட்டுப் பாத்து நான் என்ன தோசையா ஊத்தப் போறேன்?

அன்னைக்குப் பிடிச்சதும்மா சனியன். அந்த லைட்டைப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமா ஒரு வளையம் தெரியும். கண்ணு கூசும். தண்ணியா வடியும். வெள்ளைத் துணி பழுப்பா தெரியும். புது மல்லு வேட்டிக் கட்டைப் பிரிச்சா, நாள்பட்ட துணி மாதிரி இருக்கும். நான் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன், மில்லுக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுட்டான்னு. அவரு ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு. கடையில மட்டுமில்ல. ரோட்டுலயும் இந்தப் பல்புதானே இப்ப. சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போனா எதிர்ல வர்ற மோட்டார் சைக்கிள்காரன் எல்லாம் மூஞ்சியில வெள்ளையா அடிக்கிறான், நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு. பஸ்ஸுக்கு முன்னால பேரு எழுதுறதைக்கூட விட்டுவைக்கல பாத்தீங்களா? முன்னயெல்லாம் பெயிண்டுல அழகா எழுதியிருப்பான். இப்ப செவப்பா புள்ளி புள்ளியா ஓடுது. அதுல யாருக்காவது ஒரு எழுத்து தெரியுதா? இன்னிக்கு மாட்டுத்தாவணியில மூணு பேருகிட்டக் கேட்டுத்தான் இந்த வண்டியில ஏறுனேன். கேட்டா வளர்ச்சிங்கிறாங்க.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். இதுல ஒருத்தி வந்து சேந்தா பாருங்க. காளீஸ்வரின்னு பேரு. இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசு இருக்கும். எனக்கு உதவிக்குன்னு போட்டாங்க. நான் பிட்டைக் காட்டுவேன், அவ அளந்து வெட்டணும், மடிச்சுக் கவர்ல போடணும். அதுதான் அவ வேலை. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தா. "அக்கா, அக்கா"ன்னு வாய் நிறையக் கூப்பிடுவா. மத்தியானம் அவ கொண்டார்ற குழம்புல எனக்கு ஒரு கரண்டி வச்சுட்டுத்தான் சாப்பிடுவா. நானும் நம்ம பிள்ளைன்னுதான் நெனச்சேன். எனக்கும் வீட்டுல யாரு இருக்கா? அவரு போயிட்டாரு, மகளைத் திருப்பூர்ல குடுத்தாச்சு. ஒத்தை ஆளு.

ஆனா புத்தி சரியில்லம்மா. தீபாவளி நேரத்துல ஒரு நாள் பாக்கிறேன், நான் எடுத்துப் போட்ட பிட்டை அவ மாத்துறா! நான் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்புனதும், என் பிட்டை எடுத்து அலமாரியில வச்சுட்டு, பக்கத்து அடுக்குல இருந்து வேற ஒண்ணை எடுத்து வெட்டுறா. வந்தவங்க வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறாங்க. "என்னடி செய்யிற?"ன்னேன். "ஒண்ணுமில்லக்கா, இது கொஞ்சம் நெருங்கி வருது"ன்னா. எவ்வளவு திமிரு பாருங்க. இருபத்தெட்டு வருசம் நின்ன எனக்கு, நேத்து வந்தவ நெருக்கம் காட்டுறா.

அப்புறம் கவனிச்சேன். ஒரு நாளைக்கு நாலு தடவை மாத்துறா, அஞ்சு தடவை மாத்துறா. யாருக்கும் தெரியாம. அண்ணாச்சிகிட்டச் சொல்லி வத்தி வச்சிருந்தாக்கூட நேரா நின்னு சண்டை போட்டிருப்பேன். சொல்லவும் மாட்டா. அதுதான் நரித்தனம். உள்ளுக்குள்ளேயே இருந்து என் சீட்டைப் பிடிக்கிற வேலை.

இதைக் கேளுங்க. கார்த்திகையில கடைக்கு எதுத்தாப்ல பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. ஓசியில கண்ணு பாக்கிறாங்களாம். அந்த வரிசையில இருந்து ஒரு பொம்பளை வந்து கடை வாசல்ல நின்னு, "குருவம்மா யாரு? டோக்கன் பதினேழு, வாங்க"ன்னு கூப்பிடுது. கடை நிறைய ஆளு. யாரு பேரு குடுத்ததுன்னு பாத்தா, இவதான்! என் பேரை, என் வயசை, கண்ணு சரியாத் தெரியலைங்கிறதை, எல்லாத்தையும் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கா. எனக்கு மானமே போச்சு. மேட்சிங்ல நிக்கிறவளுக்குக் கண்ணு தெரியலைன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவ என்கிட்டச் சேலையைக் கொண்டாருவா? நான் விடல. "ஏன்டி, எனக்குக் கண்ணவிச்சுட்டு நீ உக்காரலாம்னு பாக்கிறியா?"ன்னு அத்தனை பேருக்கு முன்னால கேட்டேன். அழுதா. அழட்டும். நாலு நாள் பேசல. அஞ்சாம் நாள் அவளே வந்து டப்பாவைத் திறந்து குழம்பை வச்சா. நான் தொடல.

இது எந்த ஊரு வந்திருக்கு? வலையங்குளமா? இன்னும் கொஞ்ச நேரம் இருக்குல்ல உங்களுக்கு.

தை மாசம் ஒரு நிச்சயதார்த்தப் பார்ட்டி வந்துச்சு. பொண்ணோட அம்மா, அத்தை, பொண்ணு, மூணு பேரும். பட்டுச் சேலை, இங்க் நீலம். நல்ல அழுத்தமான நீலம். பொண்ணு செவப்பா லட்சணமா இருந்துச்சு, அந்த நீலத்துக்கும் அதுக்கும் எடுப்பா இருந்திருக்கும். நான் சேலையைப் பாத்தேன், பின்னால கையை நீட்டி எடுத்துப் போட்டேன். காளீஸ்வரி பிட்டைக் கையில எடுத்தா. எடுத்தவ வெட்டல. என் காதுகிட்ட வந்து, "அக்கா, இது கறுப்பு மாதிரி இருக்குக்கா"ங்கிறா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இந்த முறை நான் திரும்பல. அவளையே பாத்துக்கிட்டு நின்னேன். இன்னிக்கு மாத்துடி பாப்போம்னு. "வெட்டுடி"ன்னேன். "வாசல்ல ஒரு தடவை பாத்துட்டு..."ன்னு இழுக்கிறா. என் கவுண்டர்ல, வாசலாம்! "நான் எடுத்ததை வாசல்ல கொண்டுபோயி பாத்தவ இன்னும் பொறக்கல. வெட்டு"ன்னேன். அந்த அம்மாவும், "அவுங்க சொன்னாச் சரியா இருக்கும், வெட்டும்மா"ன்னுச்சு. வெட்டுனா. அதுக்குள்ள ரெண்டு தடவை கத்திரியைக் கீழ வச்சு எடுத்தா. குத்தமுள்ளவதானே தயங்குவா.

எட்டு நாள் கழிச்சு அந்த அத்தைக்காரி வந்து நின்னா பாருங்க, சாமி வந்த மாதிரி. நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஜாக்கெட்டைக் குடுத்துட்டீங்கன்னு. தையக்காரரு நிச்சயத்துக்கு அன்னைக்குக் காலையிலதான் தச்சுக் குடுத்திருக்காரு. போட்டுப் பாத்தா கறுப்பாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சு. பொண்ணு அழுது, கடைசியில அம்மாவோட பழைய சேலையைக் கட்டி உக்காரவச்சிருக்காங்க. மாப்பிள்ளையோட பாட்டி காதுக்கு விசயம் போயி, "ஆரம்பத்துலயே கறுப்பா"ன்னு மொணங்கியிருக்கு. அதுக்கு நாங்க என்ன செய்ய?

அண்ணாச்சி எழுந்து வந்தாரு. "சத்தம் போடாதீங்க, வாசலுக்குக் கொண்டாங்க"ன்னாரு. சேலையையும் ஜாக்கெட்டையும் வாசப்படியில வச்சு விரிச்சாங்க. மத்தியானம் பன்னெண்டு மணி வெயிலு. கடை ஆளு, வந்த ஆளு, ரோட்டுல போற ஆளு எல்லாம் சுத்தி நிக்குது. "அய்யய்யோ"ங்கிறா ஒருத்தி. "இது சுத்தக் கறுப்புல்ல"ங்கிறான் டீக்கடைக்காரன். அண்ணாச்சி மகன் தலையில கை வச்சுட்டாரு.

நானும் பாத்தேன்.

எனக்கு ஒண்ணுதாம்மா தெரிஞ்சுச்சு. சேலையும் அதே கலரு, ஜாக்கெட்டும் அதே கலரு. நல்ல வெயில்ல. குனிஞ்சு பாத்தேன். ஒண்ணுதான். நிமிந்து எல்லார் மூஞ்சியையும் பாத்தேன். எல்லாரும் ஒரே மாதிரி நிக்கிறாங்க. பெரிய இடத்துப் பார்ட்டி பாருங்க, அதான் அவங்க சொல்றதுக்கு எல்லாரும் தலையாட்டுறாங்கன்னு நெனச்சேன். அத்தனை பேரு ஒரு பக்கம் பேசுறப்ப நான் மட்டும் எதுக்கு வாயைத் திறக்கணும்? திறக்கல.

அண்ணாச்சி கேட்டாரு, "இதை யாரு வெட்டுனது?"

"காளீஸ்வரி"ன்னேன்.

அதுல என்னம்மா பொய்? வெட்டுனது அவதானே? அவரு யாரு எடுத்ததுன்னு கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். அவரு கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அவ என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை பேசல. அவ பக்கம் நியாயம் இருந்தாப் பேசியிருக்கணும்ல? "அக்காதான் வெட்டச் சொன்னாங்க"ன்னு ஒரு வார்த்தை. அந்த அம்மாவே சாட்சி இருக்கே. பேசலையே. அதுல இருந்தே தெரியல? அன்னைக்குச் சாயங்காலமே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு என் கவுண்டர் வழியாத்தான் போனா. நின்னா. நான் மடிச்ச துணியையே திரும்ப மடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நூல் மில்லுல ஷிப்ட்டு வேலைக்குப் போறாளாம். பஞ்சு ஒத்துக்காம இருமுறாளாம். எனக்கு யாரோ சொன்னாங்க.

சரி, பீடை ஒழிஞ்சது, இனிமே நம்ம வேலை ஒழுங்கா நடக்கும்னு பாத்தா, அதுக்கு அப்புறம்தாம்மா ஜாஸ்தியாச்சு! அவ இருந்த வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு திரும்பி வந்தாப் பெரிசு. அவ போன பிறகு வாரத்துக்கு மூணு வருது. கத்தரிப்பூக் கலருக்குச் சாம்பலைக் குடுத்துட்டேனாம். ஆனந்தா நீலத்துக்குப் பச்சையைக் குடுத்துட்டேனாம். போறப்ப என்னத்த மந்திரிச்சுட்டுப் போனாளோன்னு அவ தொட்ட அடுக்கையெல்லாம் மஞ்சத் தண்ணி தெளிச்சுத் துடைச்சேன். அப்பவும் நிக்கல. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. ஆளு இல்ல, இந்த லைட்டுதான். இந்த லைட்டு வர்றதுக்கு முந்தி ஒண்ணு திரும்பி வந்திருக்குமா? வந்ததே கிடையாது.

முந்தாநாள் அண்ணாச்சி கூப்பிட்டாரு. "குருவம்மா, ஆடித் தள்ளுபடி வருது, கூட்டம் தாங்காது. நீங்க பில்லுப் பக்கத்துல உக்காந்து கவர் போடுங்க. மேட்சிங்குக்கு வேற பிள்ளையைப் பாத்துக்கிறோம்"ங்கிறாரு. கவர் போடுறதும்மா! பத்தாப்பு பெயிலாகி வர்ற பிள்ளைக செய்யிற வேலை. இருபத்தெட்டு வருசம் என் பேரைச் சொல்லிச் சேலையைத் தூக்கிட்டு வந்தவங்களுக்கு, நான் கவரைப் பிரிச்சுக் குடுக்கணும். நான் சொன்னேன், "அண்ணாச்சி, என் ரெண்டு பல்பைத் திருப்பிக் குடுங்க. ஒரு வாரம் பாருங்க. ஒரு பிட்டு திரும்பி வந்தாலும் நானே கவர் போட உக்காந்துக்கிறேன்"னு. அவரு யோசிச்சாரு. "பல்பு எங்க கிடைக்குது, கொண்டாந்தா மாட்டிப் பாப்போம்"னாரு. அதான் வந்தேன். நாளைக்குக் காலையில மாட்டணும். இந்த ஆறுதான் என் சீட்டு, பாத்துக்கங்க.

இருங்க, ஒண்ணு காட்டுறேன். நீங்க அசலூரு. எங்க கடையும் தெரியாது, காளீஸ்வரியும் தெரியாது. உங்களுக்கு யாருக்கும் தலையாட்டணும்னு இல்ல. இந்தப் பர்ஸுல ஒரு காகிதம் மடிச்சு வச்சிருக்கேன், பல்பைக் கொஞ்சம் பிடிங்க. பாத்து. ரெண்டு கையாலயும். இதோ இருக்கு. அன்னைக்கு அவங்க தூக்கிப்போட்டுட்டுப் போன ஜாக்கெட்டுல இருந்து ஒரு துண்டு வெட்டி வச்சேன். இது அந்தச் சேலைக் குஞ்சத்துல இருந்து விழுந்த நூலு, நாலஞ்சு இழை. சாட்சிக்கு இருக்கட்டும்னு வச்சேன். நாலு மாசமாப் பர்ஸுலயே இருக்கு. யார்கிட்டயும் காட்டல. ஏன்னு கேட்டா... நேரம் வாய்க்கல.

இப்ப ஜன்னல் பக்கம் வெயில்ல பிடிக்கிறேன். இங்க எல்.இ.டி. இல்ல, மகன் இல்ல, அத்தைக்காரி இல்ல. சூரியன் மட்டும்தான் இருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. துண்டு மேல நூலை வைக்கிறேன். ரெண்டும் ஒண்ணுதானே?

சொல்லுங்கம்மா.

என்ன, என்னையும் துணியையும் மாத்தி மாத்திப் பாக்கிறீங்க?

வேறயா?

நல்லாப் பாருங்க, வண்டி ஆடுது. இந்தா, அசையாமப் பிடிச்சுக்கிறேன். எது கறுப்பு? துண்டா? நூலா? நூலு நீலமா? எப்படி நீலம்? அழுத்தமான நீலமா? என்னம்மா விளையாடுறீங்களா? தம்பி! கண்டக்டர் தம்பி! இங்கிட்டு வாங்க. இதைப் பாருங்க, இந்த நூலு என்ன கலரு? துணி என்ன கலரு? ஒருத்தரும் சொல்லிக்குடுக்க வேண்டாம், நீங்களாச் சொல்லுங்க.

ம்.

சரி தம்பி. போங்க. ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

நீங்க கட்டியிருக்கிறதும்... அதுவும் நீலம்தானா? அப்பச் சொன்னீங்கள்ல. நான்தான் கேக்கல. முந்தானையைக் கொஞ்சம் குடுங்க. தப்பா நெனைக்காதீங்க. கண்ணுகிட்ட வச்சுப் பாத்துக்கிறேன்.

எனக்குக் கறுப்பாத்தான் இருக்கும்மா.

என் கண்ணுலதான் கோளாறுன்னு அன்னைக்கு வாசல்லயே லேசாத் தெரிஞ்சுச்சு. நான் பொய் சொல்ல விரும்பல, லேசாத் தெரிஞ்சுச்சு. அத்தனை பேரும் தப்பாப் பாப்பாங்களான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். நெனச்சுட்டு அதை அங்கேயே அமுக்கிட்டேன். அந்தப் பொட்டச்சி என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. அவளுக்குத் தெரியும். தீபாவளியில இருந்து தெரியும். என் பிட்டை மாத்தி மாத்தி வச்சது என்னைத் தூக்கவா? என்னை நிறுத்தவா? நிறுத்தத்தானேம்மா? ஒரு நாளைக்கு அஞ்சு தடவை என் பேரைக் காப்பாத்திக் குடுத்துட்டு, அதுக்கு நான் ஏசுறதையும் வாங்கிக்கிட்டு நின்னிருக்கா. மாத்தவிடாமப் பண்ணுன ஒரே நாளு, அந்த நாளுதான். வாசல்ல எல்லாரும் நிக்கிறப்ப, 'அக்காவுக்குக் கண்ணு தெரியாது'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இன்னிக்குக் கடையில இருப்பா. சொல்லல பாருங்க, சண்டாளி.

செல்போன் இருக்கு. எழுத்து ரொம்பச் சின்னது, எனக்கு... சரி, எனக்குத் தெரியல. பல்பை மடியில வச்சுக்கிட்டு நீங்க போட்டுக் குடுங்க. காளீஸ்வரின்னு இருக்கும். அழிக்கல. ஏன் அழிக்கலைன்னு எனக்கே தெரியாது. போட்டுச் சத்தமா வைங்க, இந்த வண்டி இரைச்சல்ல கேக்காது.

அடிக்குதா? இப்ப ஷிப்ட்டு முடிஞ்சிருக்கும். எடுக்கமாட்டா. நானா இருந்தா எடுக்கமாட்டேன்.

...ஏய். நான்தான்டி. குருவம்மா.

...

கேட்டுச்சா உங்களுக்கு? மொத வார்த்தை என்ன கேட்டான்னு கேட்டீங்களா? "கண்ணைக் காட்டுனீங்களாக்கா?"ங்கிறா. நாலு மாசம் கழிச்சுப் பேசுறா, வேற ஒண்ணும் கேக்கத் தோணல அவளுக்கு. திட்டியிருந்தா நான் பதிலுக்கு நாலு குடுத்திருப்பேன். இதுக்கு என்னத்தைக் குடுக்க?

...இருக்கேன்டி, லைன்லதான் இருக்கேன். இல்ல, காட்டல. காட்டுறேன். அதை அப்புறம் பேசுவோம். நீ நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குக் கடைக்கு வா. மில்லுக்குப் போக வேண்டாம். எதுக்குன்னு கேக்காத. உள்ள வராத, வாசல்ல நில்லு. நானும் வாசல்லதான் நிப்பேன். அண்ணாச்சியையும் வாசலுக்குக் கூப்பிடுறேன். துண்டும் நூலும் என்கிட்ட இருக்கு. அவரு அன்னைக்குக் கேக்காத கேள்விக்கும் சேத்துப் பதில் சொல்றேன். அந்த அத்தைக்காரி வீட்டுக்கும் சொல்லணும்... அழுறியா? அழாதடி, பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. நான் அழல. கண்ணுல தண்ணி எப்பவும்தான் வடியுது. வைக்கிறேன். ஏய், இரு. சாப்பிட்டியா? ...சரி. நாளைக்கு டப்பாவுல எனக்கும் சேத்து வச்சு எடுத்துட்டு வா.

வச்சுட்டேன். இல்ல, அவதான் வச்சுட்டா. எதுவோ ஒண்ணு.

நாளைக்குச் சொல்லிட்டா எனக்கு அந்தக் கவுண்டர் கிடையாது. அண்ணாச்சி நல்லவருதான், ஆனா கண்ணு தெரியாதவளை மேட்சிங்ல நிறுத்த அவருக்கு என்ன கிறுக்கா? கவரு போடுறதுதான். அவ உள்ள நின்னு எடுத்துக் குடுப்பா, நான் கவர்ல போட்டுக் குடுப்பேன். இப்பத்தான் சொன்னேன், பத்தாப்பு பெயிலான பிள்ளைக செய்யிற வேலைன்னு. வாயி இருக்கே.

காரியாபட்டி வந்துருச்சா? ஆமா, ஆளுக எழுந்திருக்கிறாங்க. அந்தப் பல்பை இப்படிக் குடுங்க. போனைப் போட்டுக் குடுத்துட்டு மறுபடியும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேவா இருந்தீங்க? நல்ல கூத்து. வச்சிருக்க வேண்டாம்மா, அந்தச் சீட்டு மேல போட்டிருக்கலாம். எதுக்கு இவ்வளவு பயம்? வெறும் பல்புதானே.